மூன்று ஜீப்பும் ஒரு செம்புக் கஞ்சியும்

கூடப் பிறக்காமலே எனக்குத் தங்கையாகிப்போன வசந்தாவுக்கு,

நீ போய் ஓராண்டு ஆகிறது. கூட்டுக் குழுவின் செய்தி மடலுக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அன்னார் ஆற்றிய அரும்பணி" என்று ஆரம்பித்துப் பார்த்தேன். நீ படித்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய் என்று தோன்றியது. அடித்துவிட்டேன். உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் வேண்டுமானால் கூடவே படித்துக்கொள்ளட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அம்மா நன்றாக இருக்கிறார். அரூர் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்று தெலுங்கில் என்னைத் திட்டி அனுப்பிவிட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. பாலக்கோட்டில் தக்காளி விலை விழுந்து, வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாது என்று மண்டிக்கு வெளியிலேயே கொட்டிவிட்டுப் போகிறார்கள். எங்கள் ஃபாதருக்குக் கண் அறுவை சிகிச்சை ஆயிற்று. இப்போது எல்லோரையும் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

மழை அடுத்தடுத்துப் பொய்த்த வருடங்கள் அவை. பாலக்கோட்டுச் சாலையோரம் ஒரு ஊர். நான் திருச்சபை நடத்திய சமூகசேவை மையத்தின் ஜீப்பில் பால் பவுடர் மூட்டைகளோடு போய் இறங்கினேன். புளியமரத்தடியில் ஏற்கெனவே ஒரு ஜீப் நின்றது. கதர்ச் சங்கத்தாருடையது. அதிலிருந்து பால் பவுடரை இறக்கிக்கொண்டிருந்தவள் நீ. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்குள் ஆழ்துளைக் கிணறு போடும் வெளிநாட்டு நிறுவனத்தின் வண்டியும் வந்து நின்றது. அவர்களும் அந்த வருடம் கோதுமை ரவை கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

வரிசையில் நின்ற ஒரு பெண், இடுப்பில் பிள்ளையோடு, மூன்று வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏங்க, எல்லாரும் ஒரே நாள்ல வந்தா நாங்க எத்தினி வரிசையில நிக்கறதுங்க?" என்று கேட்டாள். நீ சத்தமாகச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையைத் திருப்பிக் கொண்டுபோனால் கணக்குக் கேட்பார்களே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

டீக்கடையில் நீதான் பேச்சை ஆரம்பித்தாய்.

"அண்ணா, இந்த ரோட்டோர ஊருங்களையே நாம சுத்திக்கிட்டு இருக்கறோம். சித்தேரி மலைக்கு யாருங்கண்ணா போறாங்க?"

"நாங்க போவோம். வருஷத்துக்கு ஒருக்கா. பேசிட்டு வருவோம்."

"நாங்களும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒருக்கா. பேசிட்டு வருவோம்." டீயைக் குடித்து முடித்தாய். "அப்ப மலைக்காரங்களுக்கு வருஷத்துக்கு மூணு பேச்சு. சோறு எங்க?"

மூன்று நிறுவனத் தலைவர்களையும் ஒரே இடத்தில் உட்காரவைக்க வேண்டும் என்று உனக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது. சொல்வது எளிது. உங்கள் செயலாளர் தேவாலய வளாகத்துக்குள் வர மாட்டேன் என்றார். எங்கள் ஃபாதர் கதர்ச் சங்கத்துக்குப் போனால் ஆயர் இல்லத்தில் கேள்வி வரும் என்று தயங்கினார். ஆழ்துளைக் கிணற்று இன்ஜினியர் சேலத்தில் இருந்தார். தருமபுரிவரை வர நேரமில்லை என்றார்.

நீ இடம் கண்டுபிடித்தாய். தொப்பூர் கணவாய்க்குக் கீழே, லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டலின் பின்கட்டு. எந்த மதமும் இல்லை, எந்தக் கட்சியும் இல்லை, பரோட்டா மட்டும்தான் என்றாய். வெளியே லாரிகள் இறங்கும் சத்தத்தில் பெரியவர்கள் ஒருவர் பேசியதை ஒருவர் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. அதுவே நல்லதாய்ப் போயிற்று. கோபமாகச் சொன்னதை இரண்டாம் தடவை யாராலும் அதே கோபத்தோடு சொல்ல முடியவில்லை.

அன்று கீழ்நாட்டு ஊர்களைப் பிரித்துக்கொண்டோம். ஒரு ஊருக்கு ஒரு நிறுவனம். மலை மட்டும் யார் பங்கிலும் வரவில்லை. "அடுத்த கூட்டத்துல பாக்கலாம்" என்று எழுந்துவிட்டார்கள். நீ இலையை மடிக்காமல் உட்கார்ந்திருந்தாய். கேட்டதற்கு, "பாக்கலாம்னா பாக்க மாட்டாங்கன்னு அர்த்தங்கண்ணா" என்றாய்.

அடுத்த கூட்டம் நடப்பதற்குள் மழை வந்தது. அத்தனை நாள் கேட்ட மழை. வறண்டு கிடந்த மலைச் சுனைகளுக்குள் எல்லா அழுக்கையும் அடித்துக்கொண்டு வந்து சேர்த்தது.

ஒரு காலை நேரம் நீ அரூரிலிருந்து பஸ் பிடித்து நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தாய். செருப்பெல்லாம் சேறு. "சித்தேரி மலைமேல, மேலூர்ல வாந்திபேதிங்கண்ணா. ஒரு ஆளு ஓடி வந்து சொல்லிட்டுப் போறான். எங்க ஜீப்பு மெட்ராஸ் போயிருக்குது. உங்க வண்டி வேணும்" என்றாய். ஃபாதர் தியானத்துக்குப் போயிருந்தார். அவருக்காகக் காத்திருக்கவில்லை. எங்கள் நர்சையும் குளுக்கோஸ் பாட்டில்களையும் ஏற்றிக்கொண்டோம். பிளீச்சிங் பவுடர் இன்ஜினியரின் அரூர் கிடங்கில்தான் இருந்தது. கேட்டுத்தான் பார்ப்போம் என்று போனோம். நல்லவேளை அவரே அங்கே இருந்தார். "கையெழுத்து அப்பறம் போட்டுக்கலாம், தூக்கிட்டுப் போங்க" என்று தானே ஒரு மூட்டைக்குத் தோள் கொடுத்தார். மனிதர்கள் நிறுவனத்தைவிட நல்லவர்கள் என்று நீ அடிக்கடி சொல்வாய். அன்று நானும் ஒப்புக்கொண்டேன்.

ஜீப் போகிற தூரம் போயிற்று. பிறகு நடை. மேட்டில் நீ இரண்டு மூன்று இடத்தில் நின்றாய். கடுக்காய் மரத்தைக் காட்டி ஏதோ கேட்டாய். நீ மூச்சு வாங்கத்தான் நிற்கிறாய் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

மேலூரின் முதல் வீட்டு வாசலில் பொன்னம்மாள் உட்கார்ந்திருந்தாள். உன் வயதுதான் இருக்கும். அன்று விடியலில் அவளுடைய சின்னப் பெண் இறந்துபோயிருந்தாள். அடக்கம் முடிந்து ஆண்கள் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். நீ அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். அவளாகத்தான் பேசினாள்.

"ஒண்ணும் குடுக்கலீங்க. போன வருசம் ஒருத்தங்க வந்து பாக்கெட்டு குடுத்தாங்க. பேதி போனா இத மட்டுந்தான் குடுக்கணும், வேற எதையும் குடுக்கக் கூடாதுன்னாங்க. அது தீந்துபோச்சு. அப்பறம் இன்னொருத்தங்க வந்து சக்கரையும் உப்பும் கரைச்சுக் குடுன்னாங்க. சக்கரை எங்க வூட்டுல ஏதுங்க? அப்பறம் ஒரு சாரு வந்தாரு. கஞ்சி குடுங்கன்னாரு. மொதல்ல வந்தவங்க கஞ்சியே ஆகாதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தாங்க. எதக் குடுத்தா பொழைக்கும், எதக் குடுத்தா சாவும்னு தெரியலீங்க. தண்ணி தண்ணின்னு கேட்டுச்சு. அதையும் குடுக்காம உக்காந்திருந்தேங்க."

தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள் பாக்கெட்டைக் கொடுத்தது எங்கள் மையம். சர்க்கரை சொன்னது உங்கள் சங்கம். கஞ்சி சொன்னது இன்ஜினியரின் ஆட்கள். மூன்றும் சரியான மருந்துதான். தனித்தனியாக வந்து தனித்தனியாகச் சொன்னதில் ஒன்றை ஒன்று அடித்துவிட்டது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

எழுந்து புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையைத் தொடங்கினாய். "இனிமே இந்த ஊர்ல நம்ம எல்லாரு வாயிலயும் ஒரே பேச்சுதான் வரணும். கஞ்சித் தண்ணி, உப்பு. வேற ஒண்ணும் பேசாதீங்க" என்று எங்கள் நர்சிடமும் என்னிடமும் சொன்னாய். மிகவும் தளர்ந்தவர்களுக்கு மட்டும் குளுக்கோஸ். மற்ற எல்லோருக்கும் சாமைக் கஞ்சியின் தெளிவு. ஆண்களைச் சுனைக்கு அனுப்பிப் பிளீச்சிங் பவுடர் போடவைத்தோம். மலையில் தங்கினோம். அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் சாகவில்லை. பொன்னம்மாளின் பிள்ளை ஒன்றுதான்.

இறங்கி வரும்போது நான் ஒரு யோசனை சொன்னேன். பொன்னம்மாளை அடுத்த கூட்டத்துக்குக் கூட்டி வந்து பேசவைக்கலாம், பெரியவர்களுக்கு உறைக்கும் என்றேன். உனக்கு வந்த கோபம் இருக்கிறதே.

"புள்ளையப் பறிகுடுத்தவளைப் பரோட்டாக் கடையில நிறுத்தி அழவைக்கறதாங்கண்ணா? அவ எதுக்கு எறங்கி வரணும்? அவங்க ஏறி வரட்டும்."

ஏறி வந்தார்கள். எப்படிச் சாதித்தாய் என்பதை நீ என்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. ஒவ்வொருவரிடமும் மற்ற இருவரும் வர ஒப்புக்கொண்டதாகச் சொல்லியிருப்பாய் என்பது என் சந்தேகம். எங்கள் ஜீப் பழுது, உங்கள் ஜீப் சென்னையிலிருந்து திரும்பவில்லை, இன்ஜினியரின் வண்டி கிணறு போடப் போயிருந்தது. அதனால் ஃபாதரும், செயலாளரும், இன்ஜினியரும் மலைப் பேருந்தில் கேழ்வரகு மூட்டைகளுக்கு நடுவே ஒரே சீட்டில் இடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வளைவில் செயலாளரின் கண்ணாடி ஃபாதரின் மடியில் விழுந்தது. அவர் அதைத் தன் அங்கியில் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு "நன்றிங்க" என்பதுதான் என்று நினைக்கிறேன்.

பஸ் நின்ற இடத்திலிருந்து மேலூருக்கு நடந்து ஏறினார்கள்; அங்கே பள்ளிக்கூடக் கொட்டகையில் கூட்டம். இன்ஜினியர் எழுந்து, கூட்டு முயற்சி, பகுதி வளர்ச்சி என்று ஆரம்பித்தார். பெண்கள் அமைதியாகக் கேட்டார்கள். பின்வரிசையில் இருந்த பொன்னம்மாள் உட்கார்ந்தபடியே கேட்டாள்.

"நீங்க மூணு பேரும் எந்த ஊருங்க?"

தருமபுரி, அரூர், சேலம் என்று சொன்னார்கள்.

"பக்கத்துப் பக்கத்து ஊருதான? பஸ்ஸு போவுதில்ல? மலைமேல ஏறி எங்ககிட்ட பேசறதுக்கு முந்தி, நீங்க ஒருத்தருக்கொருத்தரு பேசிக்க மாட்டீங்களா?"

அவள் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இன்ஜினியர் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். நீ கையை லேசாக ஆட்டி அவரை உட்காரவைத்தாய். ஃபாதர், "பேசியிருக்கணும்மா. பேசல" என்றார். செயலாளர் தலையைக் குனிந்துகொண்டு, "இனிமேல் பேசுவோம்" என்றார். அவ்வளவுதான். அந்த இரண்டு வாக்கியங்களில்தான் கூட்டுக் குழு பிறந்தது. பதிவு, விதிமுறை, முத்திரை எல்லாம் பின்னால் வந்தவை.

அன்றைக்கே அங்கேயே நீயும் பெண்களும் அடுப்பு மூட்டினீர்கள். மலையில் எந்த வீட்டிலும் எப்போதும் இருப்பது எது என்று பெண்களைக் கேட்டாய். சாமையும் உப்பும் என்றார்கள். எந்தப் பாத்திரம் எல்லோரிடமும் இருக்கிறது என்றாய். செம்பு என்றார்கள். ஒரு செம்பு கஞ்சித் தெளிவுக்கு எவ்வளவு உப்பு? மூன்று விரலால் எடுக்கும் அளவு. மூன்று தலைவர்களும் குடித்துப் பார்த்துச் சரியென்ற பிறகுதான் விட்டாய். "உப்பு கூடிப்போச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று ஒருத்தி கேட்டாள். "கண்ணீரை விடக் கரிச்சா கூடிப்போச்சு" என்றாய். பொன்னம்மாள் செம்பை வாங்கி ஒரு வாய் குடித்தாள். "சரியா இருக்குதுக்கா" என்றாள்.

அடுத்து மலைப் பெண்களுக்குக் குழு பயிற்சி வைத்தது; பொன்னம்மாள் அதற்கு வருவாள் என்று நான் நினைக்கவில்லை. முதல் நாளே வந்தாள். ஊருக்கு இரண்டு பெண்கள் என்று ஊரே தேர்ந்தெடுத்து அனுப்பியது. எங்கள் நர்ஸ் நோய் பற்றிச் சொல்லிக்கொடுத்தாள். உங்கள் சங்கம் தங்க இடமும் சாப்பாடும் தந்தது. இன்ஜினியரின் மெக்கானிக், அவர்கள் மலையில் புதிதாகப் போட்ட அடிபம்பைப் பிரித்துப் போட்டு, வாஷர் மாற்றக் கற்றுக்கொடுத்தார். பம்பு ரிப்பேரானால் பெண்கள் மறுபடி சுனைத் தண்ணீருக்குத்தானே போவார்கள்? பேதியும் பம்பும் ஒரே பாடம் என்றாய். ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்து ஆண்கள் கேலி செய்தார்கள். பம்பில் தண்ணீர் கொட்டியதும் குடத்தோடு அவர்களும் வந்து நின்றார்கள்.

ஸ்பேனர்களுக்காக நீ போட்ட சண்டை ஞாபகமிருக்கிறதா? அவற்றை அலுவலகத்தில் வைத்திருந்து, தேவைப்படும்போது கொடுக்கலாம் என்றார் இன்ஜினியர்.

"ஊர்ல வெச்சா தொலைச்சிடுவாங்கம்மா."

"தொலைச்சா அவங்க பம்புதான சார் நிக்கும்? அவங்களுக்கு இல்லாத அக்கறையா நமக்கு?"

ஸ்பேனர்கள் மலையிலேயே தங்கின. பெயர்ப் பலகைகள்தான் தங்கவில்லை. மூன்று நிறுவனமும் பம்படியில் மாட்டத் தனித்தனியே பலகை எழுதி அனுப்பின. யாருடையது மேலே, யாருடையது கீழே என்று கடிதம் மேல் கடிதம். நீ எல்லாவற்றையும் ஊரிலேயே ஒப்படைத்துவிட்டு, விருப்பப்படி மாட்டிக்கொள்ளுங்கள் என்று வந்துவிட்டாய். அடுத்த முறை போனபோது எங்கள் பலகை ஆட்டுக் கொட்டகைக்குக் கதவாகியிருந்தது. நல்ல தேக்கு. ஃபாதரிடம் நான் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொள்வார்.

அந்தப் பலகை விவகாரத்தில்தான் உனக்கு மாற்றல் வந்தது. சங்கத்தின் பெயர் விளங்காத வேலைக்குச் சங்கத்தின் ஆள் எதற்கு என்று மேலிடத்தில் கேட்டார்களாம். உங்கள் செயலாளரே வருத்தத்தோடுதான் அந்தக் காகிதத்தைக் கொடுத்தார். நீ வேலையை விட்டாய். அம்மாவும் நீயுமாக இருந்த வீட்டில் வேறு வருமானம் கிடையாது. என்னிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தொப்பூர் ஓட்டலில் மறுபடி கூடினோம். இந்தத் தடவை நீ இல்லை. யாருடைய ஆளாகவும் இல்லாமல் எல்லோருக்கும் பொதுவான ஒரு ஆள் குழுவுக்கு வேண்டும், சம்பளத்தை மூன்று நிறுவனமும் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. அதை முதலில் சொன்னது யார் தெரியுமா? உங்கள் செயலாளர்தான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று எங்களிடம் கேட்டுக்கொண்டார். இனி மறைக்க ஒன்றுமில்லை.

அப்படிக் குழுவின் ஆளாக நீ இருந்தது கொஞ்ச காலம்தான். சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருந்தது என்று வேலூரில் சொன்னார்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பயிற்சி முடியட்டும் என்று நீ தள்ளிப்போட்டாய். அந்தப் பயிற்சியை நாங்கள் பார்த்துக்கொள்ள மாட்டோமா? எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டும் என்று ஊரெல்லாம் சொன்னவள், உன் நோயை மட்டும் ஏன் தனியாக வைத்துக்கொண்டாய்?

உன்னை எடுத்த அன்று மலையிலிருந்து பெண்கள் இறங்கி வந்திருந்தார்கள். ஃபாதரும் செயலாளரும் ஒரே குடைக்குக் கீழே நின்றார்கள். பொன்னம்மாள் உன் கால்மாட்டில் நின்றுவிட்டு, அழாமல் திரும்பிப் போனாள். அவளுக்கு உன்மேல் கோபம் என்று எனக்குத் தோன்றியது. எனக்கும் இருந்தது.

இப்போது நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

இந்த ஐப்பசி மழையில் மேலூரிலும் பக்கத்து ஊர்களிலும் மறுபடியும் பேதி. எங்களுக்குச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினோம். இந்த முறை ஒரே ஜீப், அதில் மூன்று நிறுவனத்து ஆட்களும். முதல் வீட்டு வாசலில் யார் உட்கார்ந்திருப்பார்களோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்திருக்க வேண்டும்.

வாசலில் யாரும் இல்லை. பொன்னம்மாள் பம்படியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்து, "வாங்க, இப்பத்தான் வர்றீங்களா?" என்றாள்.

"எத்தினி பேருக்கும்மா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"நெறைய பேருக்குங்க. யாரும் சாவல. மொத வூட்டுல ஆரம்பிச்ச அன்னைக்கே வூடு வூடாப் போயிட்டோம். கஞ்சி, உப்பு. சுனையில மருந்து போட்டாச்சு. ரெண்டு பேரு கண்ணு உள்ள போயிடுச்சு, அவங்கள மட்டும் டோலி கட்டி அரூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம். பொழைச்சு வந்துட்டாங்க. பிளீச்சிங் பவுடர் தீந்துபோச்சு. அத எறக்கி வெச்சிட்டுப் போங்க. சாப்புட்டுப் போங்க."

வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். அவள் சொன்னதெல்லாம் உண்மை. நாங்கள் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. நர்ஸ் பையைத் திறக்கவே இல்லை. மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, சாமைச் சோறு சாப்பிட்டோம். இத்தனை வருட வேலையில் இப்படிச் சும்மா உட்கார்ந்து சாப்பிட்ட ஒரு நாள் எனக்கு நினைவில்லை. அந்த நேரம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டு எழுந்ததும் பொன்னம்மாள் எங்களை விடவில்லை. பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"பேதிய நாங்க பாத்துக்கறோம். இப்ப எங்களுக்கு வேற ஒண்ணு வேணும். வயித்துப் புள்ளைக்காரிங்க. வலி எடுத்து ரெண்டு நாளு ஆனாலும் டோலியிலதான் தூக்கிட்டு எறங்கறோம். பாதி வழியில போயிட்டவங்க இருக்கறாங்க. அடிவாரத்துல ஒரு வண்டி நிக்கணும். நீங்க மூணு பேரும் பேசி முடிச்சிட்டு வாங்க. பேசி முடிச்சிட்டு வாங்க, என்னா?"

கடைசி வாக்கியத்தை அழுத்திச் சொன்னாள். பெண்கள் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

வசந்தா, வண்டி விஷயம் குழுவில் சென்ற செவ்வாயன்று வந்தது. வழக்கமான சத்தம்தான். யார் பெயரில் பதிவு, டிரைவர் யாருடைய ஆள், ரிப்பேருக்கு யார் பொறுப்பு. இன்ஜினியர் மேசையைத் தட்டினார். ஃபாதர் எழுந்து வெளியே போய்த் திரும்பி வந்தார். ஆனால், "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. முடிவு எடுத்துவிட்டுத்தான் எழுந்தோம். வண்டியை வாங்கித் தருவதும் ஓட்டவைப்பதும் எங்கள் மூவரின் பொறுப்பு. எப்போது கிளம்ப வேண்டும், யாரை ஏற்ற வேண்டும் என்பது மலைப் பெண்களின் சொல்.

வாங்குவது வரைக்கும் வந்துவிட்டோம். நடுவில் யாருக்காவது மாற்றல் வரலாம், பணம் தாமதமாகலாம், மேலிடத்தில் கேள்வி எழலாம். எது வந்தாலும் நான் விட மாட்டேன். அடுத்த மழைக்கு முன்னால் அந்த வண்டி அடிவாரத்தில் நிற்கும். வலி எடுத்த பெண் ஒருத்தி அதில் ஏறிப் போய், பிள்ளையோடு திரும்பி வருவதைப் பார்த்துவிட்டுத்தான் நான் ஓய்வுக்கு எழுதிக் கொடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

அம்மாவைப் பற்றிக் கவலைப்படாதே. ஞாயிறுதோறும் போகிறேன். தெலுங்கும் கொஞ்சம் பிடிபட்டுவிட்டது.

என்றும் உன் அண்ணன்,
ஆரோக்கியசாமி
தருமபுரி